முருகனுக்குக் கட்டின மலை

— வாட்டர் ஜெட் அடிச்சுக் கழுவ வேணாம் அங்கிள், கும்பிட்டுக் கேக்கிறன். அந்தப் பாசியோட என்ர நத்தை எல்லாம் போயிடும்.

— உன் நத்தையா? கோயில் கல்லுல ஊருறது எப்படிலா உன்னுது ஆகும், தர்ஷிகா?

— நான்தானே கண்டுபிடிச்சனான்.

— பாரு, கும்பாபிஷேகம் வருது. முருகனுக்குப் பின்னால மலை பச்சப் பசேல்னு பாசி புடிச்சிக் கெடக்கு. சுப்பையா மெஷினோட வந்து நிக்கிறான். கோயில் தலைவர் ராமதாஸ், நானே, நத்தைக்காக வேலைய நிறுத்துனேன்னா கமிட்டியில சிரிக்க மாட்டாங்க?

— சிரிக்கட்டும். இந்தப் பூதக்கண்ணாடியால பாருங்கோ.

— எங்க? கடுகுதான் தெரியுது.

— அந்தக் கடுகுதான். வடிவாப் பாருங்கோ, ஓட்டோட வாய் விரிஞ்சு மேல பாக்குது.

— அட, ஆமாலா! நாதஸ்வரம் மாதிரி இருக்கு.

— உலகத்தில எந்த மியூசியத்திலயும் இந்த இனம் இல்லை. பினாங்கில, இந்த ஆயர் ஈத்தாமில மட்டும்தான் இருக்கு எண்டு தீசிஸ்ல எழுதியிருக்கிறன்.

— யாழ்ப்பாணத்துப் பிள்ளைங்கன்னா டாக்டர், லாயர்னு படிக்கும். நீ நத்தைக்குப் போயி... உங்கப்பா அம்பிகைபாகன் ஒண்ணும் சொல்லலியா?

— அப்பா ஆக்களிட்ட 'மகள் டாக்டர்' எண்டுதான் சொல்றவர். என்ன டாக்டர் எண்டு சொல்றேல்லை.

— ஹா, கெட்டிக்காரர்!

— ஒரு விஷயம்தான் எனக்கு விளங்கேல்லை அங்கிள். இந்த நத்தைக்கு ஓடு வளர சுண்ணாம்புக் கல்லு வேணும். இந்தத் தீவு முழுக்கக் கருங்கல்லு. இது இங்க எப்பிடி வந்தது?

— லோரியில வந்துச்சு.

— என்ன?

— இந்த மலையே நாங்க கட்டினதுதானே! நீ என்ன, தானா மொளைச்சதுன்னு நெனச்சியா? முருகன்னா மலை வேணும்லா.

— பக்கத்திலயே பினாங்கு மலை நிக்குது!

— அது டூரிஸ்ட்டுக்கு. முருகனுக்குன்னு தனியா ஒண்ணு வேணாமா? அக்கரையில, ஜுருவுல இருக்கிற நம்ம கடை லோரிய எடுத்துக்கிட்டு நானே ஈப்போ பக்கம் போயி, அங்க ஒரு மலையில வெள்ளச் சுண்ணாம்புக் கல்லாப் பொறுக்கி ஏத்தியாந்தேன். பாசியோட அழகா இருக்கேன்னு அப்படியே வச்சுப் பூசிட்டோம்.

— கடவுளே!

— ஏம்மா, மொகம் இப்படி வாடிப் போச்சு?

— இது பினாங்கு இனமே இல்லை. கல்லோட வந்தது. முழு சாப்டரும் பிழை. அடுத்த மாதம் தீசிஸுக்கு வைவாச் சோதினை வேற.

— யாருக்குத் தெரியப் போவுது? நான் வாயத் தொறக்கலைன்னு வச்சுக்க.

— எனக்குத் தெரியுமே.

— அழாதலா. நான் சொல்லித்தான இப்படி ஆச்சு, எனக்குக் கஷ்டமா இருக்கு.

— பரவாயில்லை. இனி உங்கட வேலையை நான் மறிக்க மாட்டன். சொந்த இடத்தில இதுகள் ஆயிரக்கணக்கில இருக்கும். இங்க இருக்கிறது போனாலும் இனம் அழியாது. கழுவுங்கோ.

— நெசமாவா? பொறகு கோவப்படக் கூடாது.

— உண்மையா.

— சுப்பையா! ஆரம்பிச்சிரு!

— எனக்கு அந்த மலைக்கு மட்டும் வழி சொல்லுங்கோ அங்கிள். சனிக்கிழமை போய், அங்க தேடிப் பிடிச்சு, முதலில இருந்து எழுதிறன்.

— அந்தப் பக்கம் எத்தனையோ வெள்ள மலை நிக்குது. ஏதாச்சும் ஒண்ணுல போயிப் பாரேன்.

— ஏலாது. இந்தச் சின்ன நத்தையள் நடந்து இன்னொரு மலைக்குப் போகாது. அதனால ஒவ்வொரு மலையிலயும் வேற வேற இனம். எனக்கு அதே மலைதான் வேணும்.

— அதேதான் வேணுமா?

— ஓம். அங்க எப்பிடிப் போறது அங்கிள்?

— அந்த மலைய சிமெண்ட்டுக்கு ஒடைச்சு முடிச்சிட்டாங்கம்மா. போன தீபாவளிக்கு அந்த வழியாப் போறப்பப் பாத்தேன், அந்த எடத்துல குளம்தான் கெடக்கு. டேய் சுப்பையா! மெஷின நிறுத்துடா!