ரெட்டைத் தட்டு

ஹலோ... ஆமா, வாண்டாதான் பேசறேன். யாரு?... ஸ்டானா? எந்த ஸ்டான்?... இல்லப்பா, எனக்கு ஸ்டான்னு ஒரே ஒரு தம்பி. அம்மாவை அடக்கம் பண்ணின அன்னிக்குக் கடைசியா பேசினான். பதினோரு வருஷம் ஆச்சு... ஓ, நீயேதானா. சரி, சொல்லு.

... நல்லா இருக்கேன். எம்பத்தெட்டு வயசுல எப்படி இருக்கணுமோ அப்படி இருக்கேன்... முட்டியா? ரெண்டு முட்டியும் மாத்தியாச்சு. போன வருஷமே... யார் சொல்லுவா உனக்கு? நீ கேட்டாத்தானே... சரி சரி, விடு. விஷயத்துக்கு வா.

... தெரியும். வியாழக்கிழமை, சாயந்தரம் நாலு மணி. பேப்பர்ல படிச்சேன். படத்துக்கு அறுபது வருஷமாம். உன் போட்டோவும் போட்டிருந்தாங்க. தலையில இருக்கிற முடி யாருது?... கோவிச்சுக்காத. சும்மா கேட்டேன்.

... ஆமா, அதையும் படிச்சேன். தியேட்டர் வாசல்ல ஈர சிமெண்டுல உன் காலை வெக்கப் போறாங்க. படத்துல ஆடின ஹீரோ ரேண்டல் ஷா காலுக்குப் பக்கத்துலயே. "ஒன்பதே கால் ரயில் படத்தின் ஸ்டேஷன் நடனத்துக்கு ஒலி தந்த பாதங்கள்"னு எழுதியிருந்தான். படிச்சிட்டு என் பாதத்தைக் குனிஞ்சு பார்த்தேன். நான் குனியறதுன்னா என்ன பாடுன்னு உனக்குத் தெரியாது.

... குத்திக் காட்டலை. பார்த்தேன்னு சொன்னேன்.

... இல்ல, அது டிவி சத்தம். அந்தப் படம்தான். காலையில இருந்து ஓட்டறான். பார்க்காம என்ன பண்றது? பிடிக்குதே. வயித்தெரிச்சலோடதான் பார்க்கிறேன், ஆனா பார்க்கிறேன். எதிர் வீட்டுல ஒரு அர்மீனியக்காரி இருக்கா. புருஷன் செத்த வாரம் அவ அந்தப் படத்தை மூணு தடவை பார்த்தா. பாதிப் பேச்சு அவளுக்குப் புரியாது. "வண்டியைத் தவற விட்டவன் அழாம ஆடறானே, அது போதும்"னா... ஆமா. பெஞ்சு மேல ஏறி, பெட்டி மேல ஏறி, எடை மெஷின்ல ஏறிக் குதிச்சு நின்னான் பாரு, அப்பவும் அவ அழலை. அவன் கால் நின்னு போச்சு. நின்ன பிறகு டக் டக்னு ரெண்டு சத்தம் வருதே, அப்பதான் ஓன்னு அழுதா. நான் பக்கத்துல உட்கார்ந்து அவ முதுகைத் தடவிக்கிட்டு இருந்தேன். என்ன சொல்ல அவகிட்ட?

... ம்... ம்... இரு, டிவியைக் குறைக்கிறேன்.

... ம், சொல்லு. யாரு பொண்ணு?... மாரிசோல். ஸ்டுடியோவுல பழைய டேப்பெல்லாம் சுத்தம் பண்றவ. சரி... சரி... வெட்டாத டேப்பு முழுசா கிடைச்சுதா. அடேயப்பா. எல்லாம் எரிஞ்சு போச்சுன்னுல்ல சொன்னாங்க... ம்... ரெட்டைத் தட்டுக்கு அப்புறம் என்ன கேக்குதாம்?

... பொம்பளைக் குரலா.

... என்ன கத்தினாளாம் அந்தப் பொம்பளை?... சொல்லேன், உன் வாயால கேக்கறேன்... "அம்மா, என் காலு"ன்னு. நம்ம வீட்டு பாஷையில. போலிஷ்ல. அந்தப் பொண்ணுக்குப் புரியலை, உன்கிட்ட கேட்டிருக்கா. நியாயம்தானே. நம்ம ரோபக் வீட்டு ஆளுங்களை விட்டா வேற யாருக்குப் புரியும்?

... அதுக்கு நீ என்ன சொன்ன?

... மென்னு முழுங்காத. என்ன சொன்ன?

... காபியா?

... இரு. நிறுத்து. மறுபடி சொல்லு. நான் உனக்குக் காபி கொண்டு வந்தேனா. நீ ஆடி முடிச்சதும் உன் கையில கொடுக்க வந்தேனா. சூடா என் கால்ல கொட்டிடுச்சா. அதனால கத்தினேனா.

... நல்லாருக்குடா ஸ்டான். ரொம்ப நல்லாருக்கு. பால் ஊத்தினேனா, ஊத்தலையா? அதையும் சொல்லிடு. யாராவது கேட்டா ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணுமில்ல.

... சிரிக்கலை. எனக்கு இருமல்.

... நீ பேசினது போதும், இப்ப நான் பேசறேன். உனக்கு நிஜமாவே மறந்து போச்சா, மறந்த மாதிரி இருக்கியான்னு தெரியலை. ஷா ஆடும்போது மேல பாட்டு ஓடும், கீழ கேமரா வண்டி கடகடங்கும். அவன் கால் சத்தம் ஒண்ணும் தேறாது. அவனோ படம் முடிஞ்ச மறுநாளே ஊர் சுத்தக் கிளம்பிட்டான். யாராவது திரையைப் பார்த்துக்கிட்டே, அவன் கால் விழற இடத்துல எல்லாம் சரியா பலகையில காலால தட்டணும். அந்த வேலையை உனக்குக் கொடுத்தாங்க. ரெண்டு நாள் தட்டினியே, ஒட்டுச்சா? பெஞ்சுல இருந்து இறங்கற இடத்துல ஒவ்வொரு தடவையும் பின்தங்கின. ரெண்டாம் நாள் சாயந்தரம் என் வீட்டு வாசல்ல வந்து யாரு அழுதது? "அக்கா, என்னைத் தூக்கிடுவாங்கக்கா"ன்னு சொன்னது யாரு?

... ஆமா, நீதான். ஆமா.

... உனக்குப் பதிலா நான் தட்டினேன், பதினோரு நாள்டா. ஆகஸ்ட் மாசம். ஃபேன் போட்டா சத்தம் விழும், கதவைத் திறந்தா சத்தம் விழும். பாவாடை சரசரங்குதுன்னு என்னை நீச்சல் உடையில நிக்க வெச்சாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலு ஆம்பளைங்க, நீ அஞ்சாவது ஆளு. எனக்கு வெக்கமா இருக்கும்னு ஒரு துண்டு எடுத்துக் கொடுக்கத் தோணலையே உனக்கு... அந்த நாலு பேரும் போய்ச் சேர்ந்துட்டாங்க. அதான் உனக்கு இவ்வளவு தைரியம்.

... அது வேற. அது வேற விஷயம். எனக்கு வேற ஸ்டுடியோவோட ஒப்பந்தம் இருந்துச்சு, வெளியில ஆடினா கேஸ் போடுவான், என்னை வீட்டுக்கு அனுப்பிடுவான். அதனால ஸ்டுடியோ பதிவேட்டுல உன் பேரை எழுதினோம். நானும் சரின்னுதான் சொன்னேன். இல்லேங்கலை. ஆனா என்ன பேசிக்கிட்டோம்? "ஒப்பந்தம் முடியட்டும்கா, நானே எல்லாருக்கும் சொல்றேன்"ன்னு சொன்ன. அம்பத்தி நாலுல ஒப்பந்தம் முடிஞ்சுது. நீ அதுக்குள்ள அந்தப் பதினோரு நாளைக் காட்டி டான்ஸ் மாஸ்டர் ஆயிட்ட. கார் வாங்கிட்ட. எனக்கு வாய் வரலை.

... ஆமா, வாயைத் திறந்திருக்கணும். எனக்குத் தெரியாதா அது?

... டிவியிலயும் நீதான போய் உட்கார்ந்த. "ஷா ஆடினார், சத்தம் என்னோடது"ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டே சொன்ன. போகட்டும்னு விட்டேன். அந்த ரெட்டைத் தட்டுக்கு ஒரு விளக்கம் சொன்ன பாரு, அதைத்தான் என்னால இன்னும் தாங்க முடியலை. "ரயில் போன பிறகும் மனசு நிக்க மாட்டேங்குது, அதைக் காட்டத்தான் வெச்சேன்"ன்னு சொன்ன. நீ வெச்சியா? கெண்டைக்கால் நரம்பு சுருட்டிப் பிடிச்சிக்கிச்சுடா எனக்கு. பதினோராம் நாள், எத்தனையாவது தடவைன்னு எண்ணிக்கை கிடையாது. நிக்க முடியாம குதிகால் ரெண்டு தடவை பலகையில இடிச்சுது. அதுக்கப்புறம்தான் அம்மான்னு கத்தினேன். சவுண்டு இன்ஜினியர் கேட்டுட்டு, "கத்தினதை வெட்டிடு, அந்த ரெண்டு தட்டு இருக்கட்டும்"னான். அவ்வளவுதான் கதை. தப்புல வந்தது. ஆனா அது என் தப்பு, உன் யோசனை இல்ல.

... தெரியும்டா. அந்த இடம் வந்தா தியேட்டரே ரெண்டு தட்டு தட்டுது. கிழவனுங்க கைத்தடியால தட்டறாங்க, குழந்தைங்க சீட்டுல தட்டுது. எனக்கு வலிச்ச வலியை ஊரே சந்தோஷமா தட்டுது. அது கூட எனக்குக் கோபம் இல்ல. அழகாத்தான் இருக்கு.

... முப்பத்திரெண்டு வருஷம் செருப்புத் தைக்கிற கடைக்கு மாடியில நான் பிள்ளைங்களுக்கு டாப் டான்ஸ் சொல்லிக் கொடுத்தேன். வர்ற அம்மாங்க எல்லாம் ஸ்டேஷன் நடனம்தான் கேப்பாங்க. ஒரு நாள் ஒருத்தி, "டீச்சர், உங்க ரெட்டைத் தட்டு சரியில்ல. உங்க தம்பி டிவியில காட்டினாரே, அப்படிக் காட்டுங்க"ன்னா. நான் காட்டினேன்டா. நீ காட்டின மாதிரியே, தப்பா. பீஸ் கட்டினவளாச்சே.

... என்ன அழற? அழாத. ரெண்டு நிமிஷம் மூச்சு விடு. பக்கத்துல தண்ணி இருக்கா?... குடி.

... ம். தெரியும். உனக்கு நெஞ்சுல கருவி வெச்சிருக்காங்க, கொள்ளுப் பேரன் எல்லாம் வரான், சிமெண்டு ஏற்கெனவே சொல்லியாச்சு... ம்... ம்... நான் உன்னைக் கெட்டவன்னு சொல்லலை. நாம சின்னதுல மேடையில சேர்ந்து ஆடினப்ப, நாலு வயசுல உனக்கு ஷூ கட்டத் தெரியாது. ஒவ்வொரு ஷோவுக்கு முன்னாடியும் நான் குனிஞ்சு கட்டி விடுவேன், நீ என் தலைமுடியைப் பிடிச்சிக்கிட்டு நிப்ப. விழுந்துடுவோமோன்னு பயம் உனக்கு. அந்தப் பயம் இன்னும் போகலை போலருக்கு.

... என்ன காகிதம்?... மாரிசோல் அனுப்புவாளா. அதுல என்ன எழுதியிருக்கும்?... "அந்தக் குரல் என்னுடையது, நான் காபி கொண்டு வந்திருந்தேன்." ஒரே வரி. நான் கையெழுத்துப் போடணும். போட்டா அவ வேற எதுவும் தோண்ட மாட்டா. ம்.

... ஸ்டான், ஒண்ணு கேக்கறேன். நேராப் பதில் சொல்லு. வியாழக்கிழமை எனக்கு ஒரு சீட்டு வெச்சிருக்கியா?

... இல்ல, நான் வர முடியுமா முடியாதாங்கறது அப்புறம். வெச்சிருக்கியா?

... ஓ. பன்னெண்டு பேருக்குத்தான் இடம்... ம்... பேரன் பொண்டாட்டி வீட்டுக்காரங்களும் வராங்க... ம்... வெயில் ஆகாது எனக்கு. ஆமா, வெயில் ஆகாதுதான். அக்கறையா யோசிச்சிருக்க.

... கத்தலை. நான் கத்தினேனா? கேளு. அந்த மாரிசோல் எனக்குப் போன வாரமே போன் பண்ணிட்டா... ஆமா, உன்கிட்ட வர்றதுக்கு முன்னாடி. எனக்குத்தான் முதல்ல. டேப்பைப் போட்டுக் காட்டினா, போன்லயே. அறுபது வருஷம் கழிச்சு என் குரலை நான் கேட்டேன். எவ்வளவு சின்னக் குரல்டா. "இது யாரு மேடம், ஏன் கத்தறாங்க"ன்னு கேட்டா.

... சொல்லலை. "என் தம்பியைக் கேளும்மா. அவன் என்ன சொல்றானோ அதை எழுதி அனுப்பு, நான் கையெழுத்துப் போடறேன்"னு சொன்னேன்.

... ஏன்னா, நீ சொல்லுவேன்னு நினைச்சேன். வேற எதுக்கு? எம்பத்தஞ்சு வயசு, இனிமே உன்னை யார் வேலையை விட்டுத் தூக்கப் போறா, இப்பவாவது அவனே சொல்லட்டும்னு உனக்கு வழி விட்டேன். ஒரு வாரமா போன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். இன்னிக்கு உன் குரல் கேட்டதும், "சொல்லிட்டேன்கா, வியாழக்கிழமை நீயும் வா"ன்னு நீ சொல்லப் போறேன்னு நினைச்சேன். எந்த ஸ்டான்னு கேட்டப்பவே நீதான்னு தெரியும்டா, சந்தோஷத்துல சும்மா கேட்டேன்.

... ஆமா. ஆமா, நீ போனே பண்ணியிருக்க வேண்டாம். காகிதம் வந்திருக்கும். காபின்னு படிச்சிருப்பேன். உன்னைத் திட்டிக்கிட்டே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன். அவளுக்கு வாக்குக் கொடுத்தாச்சே. உன் கால் நிம்மதியா சிமெண்டுல பதிஞ்சிருக்கும்.

... இல்ல. இப்ப கையெழுத்துப் போட மாட்டேன். நீயே பேசி, நீயே கேட்டு, வெயில் ஆகாதுன்னும் சொல்லிட்ட.

... ஸ்டான், அழாத. தண்ணியைக் குடி... இல்ல, இனிமே சீட்டு வேண்டாம். எனக்குக் கோபமும் இல்ல. நீ போனை வை, எனக்கு அந்த மாரிசோலுக்கு ஒரு போன் பண்ண வேண்டியிருக்கு.

... வை.