பச்சைத் துவரையும் டப்பாத் துவரையும்

டப்பாத் துவரையைக் குறை சொல்பவள் அல்ல நான். அவசரத்துக்குக் கைகொடுக்கும். ஆனால் டிசம்பரில் எங்கள் லாரெஸ் மலையெங்கும் துவரை காய்த்துக் கிடக்கும்போது யாரும் டப்பாவைத் தேடிப் போவதில்லை. நானும் வாசற்படியில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்கத்தான் உரித்தேன். அக்கம்பக்கத்தார் விசாரணையில் உங்களிடம் சொன்னது பொய்யில்லை, ஐயா.

என் கணவர் எலியுத் லாரி ஓட்டியவர். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் அவர் வீட்டில் இருந்த நாட்கள் குறைவு. போன்ஸே நகரத்தில் அவருக்கு ஒருத்தி இருந்தாள். எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். போன ஆகஸ்டில் இதயம் பலவீனமாகி, கால் வீங்கி, வந்து படுத்தார். குளிப்பாட்டினேன், ஊட்டிவிட்டேன். "நீ இல்லன்னா நான் என்ன ஆவேன்" என்று ஒரு தடவை சொன்னார்.

உப்பு ஆகாது என்றார் டாக்டர். டப்பாக் காய்கறி முழுக்க உப்புத் தண்ணீர், பச்சைக் காய் மட்டும் சமைத்துப் போடுங்கள் என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். அப்படியே செய்தேன். வீக்கம் வடிந்தது. டிசம்பர் பிறந்ததும் அவர் சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடச் சொன்னார். போன்ஸேயில் ஒரு வேலை இருக்கிறதாம். போட்டுக் கொடுத்தேன்.

அவர் போய்த் திரும்பிய நாளிலிருந்து இரண்டு பாத்திரம் வைத்தேன். ஒன்றில் பச்சைத் துவரைச் சோறு, எனக்கு. மற்றதில் டப்பாத் துவரை, அதன் தண்ணீரோடு, அவருக்கு. உரித்த தோலை மேசைமேல் விட்டுவைப்பேன்.

"உப்புக் கரிக்குதே. டப்பாவா?" என்று ஒருநாள் கேட்டார்.

"மாத்திரை தின்னு தின்னு உங்க நாக்கு செத்துப்போச்சு" என்றேன். நம்பிச் சாப்பிட்டார்.

வீக்கம் திரும்பியது. டாக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். உரித்துக் கறுத்த என் விரல்களைக் காட்டியதும் மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

அவர் தங்கை இரைடா மட்டும் விடவில்லை. சொல்லாமல் வருவாள், அலமாரியைத் திறப்பாள், குப்பைக்கூடையைக் காலால் கிளறுவாள். டப்பாக்களை நான் வாழைக்கடியில் புதைத்திருந்தேன். ஜனவரியில் ஒரு ஞாயிறு மதியம், அவருக்குக் காலையிலிருந்தே மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. இரைடா அண்ணன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்றாள். பிறகு என் தட்டிலிருந்து.

"அண்ணி, இது வேற, அது வேற" என்றாள். கத்தவில்லை. "எங்கண்ணன கொஞ்சங் கொஞ்சமா கொல்றீங்களா?"

"நோயாளிக்குத் தனியா சமைக்கிறது தப்பா, இரைடா?" என்று கேட்டேன்.

அவள் ஆம்புலன்ஸை அழைத்தாள். அது மலையேறி வருவதற்குள் முடிந்துவிட்டது.

தெரிந்தேதான் செய்தேன், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள். இரைடா சொன்னதை அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அதன் பிறகு என் மணிக்கட்டை நகம் பதிய இறுக்கிப் பிடித்தவர், கடைசிவரை விடவில்லை. அது ஆத்திரம் என்கிறாள் இரைடா. அவளுக்கென்ன தெரியும்? முப்பத்தொரு வருடத்தில் அவர் என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது அன்றைக்குத்தான்.