அப்புக்காத்து விக்னராஜாவுக்குப் பதினொரு வருடம் பிந்திய மடல்

பலெர்மோ நகரின் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருத் தமிழ்ச் சங்க மண்டபத்தில், சங்கத் தலைவர் அம்பலவாணர், அவர் மகள் அபிதா, மருமகன் கிரிசாந், செயலாளர் சூசைதாசன், தங்கள் துணைவியார் குகனேஸ்வரி, தங்கள் முயற்சியால் வதிவிட அனுமதி பெற்ற குடும்பத்தார் யாவரும் கூடியிருக்க, சட்ட உதவி மேசையிலிருந்து ஓய்வுபெறும் அப்புக்காத்து விக்னராஜா அவர்களுக்கு வாசித்தளிக்கும் மடல்.

நேர்மை குன்றாத நெஞ்சினரே!

யாழ்ப்பாண நீதிமன்றில் ஏழு வருடம் வாதாடிய தாங்கள், பலெர்மோவில் காலையில் இத்தாலியச் சிஞ்ஞோரா ஒருவரின் வீட்டுத் தரையைத் துடைத்தீர்கள். மாலையில் எங்கள் விண்ணப்பங்களை எழுதினீர்கள். "அப்புக்காத்தர், இண்டைக்கு வழக்கோ, வாளியோ?" என்று சூசைதாசன் பகிடி பண்ணினால், "ரண்டிலையும் ஊத்தை போக்கிறதுதானே தம்பி வேலை" என்பீர்கள்.

நகரசபையின் வெளிநாட்டவர் ஆலோசனைக்குழுவுக்கு எங்கள் வாக்குகளால் இருமுறை தெரிவானீர்கள். மூன்றாம் முறை வேட்பாளர் பட்டியலிலிருந்து தாங்களே பெயரை எடுத்துவிட்டீர்கள். அதன் காரணம் அம்பலவாணருக்குத் தெரியும்.

எவரும் விரல் நீட்டாத குடும்பம் என்று தலை நிமிர்த்தி நடந்தவர் அவர். அவருடைய மகன் பிரதீஸின் வதிவிடப் படிவத்தைத் தாங்கள் நிரப்பி, வீட்டுச் சொந்தக்காரியின் கையெழுத்துக்கு இடம் விட்டுக் கொடுத்தீர்கள். அந்த அம்மையார் ஆகஸ்ட் விடுமுறையில் கடற்கரைக்குப் போயிருந்தார். ஆனாலும் படிவம் கையெழுத்தோடு போய்ச் சேர்ந்தது. கையெழுத்துக் கள்ளம் என்று பிடிபட்டபோது, எழுத்துத் தங்களுடையதாகையால் பழியும் தங்கள்மேல் விழுந்தது.

அபிதாவின் கலியாணத்துக்கு அப்போது ஒரு மாதம் இருந்தது. அம்பலவாணரைத் தேடிவந்து, "அண்ணை, பிள்ளையின்ரை கலியாணம் முடியட்டும். அதுவரைக்கும் ஒருத்தரோடையும் கதைக்காதேங்கோ" என்றீர்கள்.

"ஓம்" என்றார் அவர்.

கலியாணம் முடிந்தது. அபிதாவின் மூத்த பிள்ளைக்கு இன்று ஒன்பது வயது. அவர் வாய் திறக்கவில்லை. அதுமட்டுமா? ஊராருக்கெல்லாம் வீடுவீடாகப் போய்க் கலியாணம் சொன்னவர், இரண்டு தெரு தள்ளியிருந்த தங்களுக்கு மட்டும் அழைப்பிதழைத் தபாலில் போட்டார். தங்கள் வாசலில் தன்னை எவரும் காணக்கூடாதென்று நினைத்தார். தாங்களோ வந்தீர்கள், பின்வரிசையில் இருந்தீர்கள், பிள்ளைகளை வாழ்த்திவிட்டுப் போனீர்கள். இன்று தங்களை நிமிர்ந்து பார்க்க அவருக்குக் கூசுகிறது.

பொறுமையின் பெருமகனே! தாங்களும் குகனேஸ்வரி அம்மையாரும் நோய்நொடியின்றி நீடு வாழ்க!

இம்மடல் கண்ணாடிச் சட்டத்துள் தங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும். வருவோர் போவோர் வாசிப்பர். ஆகவே இதையும் இதிலேயே எழுத வேண்டும். விக்னராஜா கள்ளக் கையெழுத்து வைத்தார் என்று பதினொரு வருடமாக இந்நகரில் கதைக்கிறார்கள். தாங்கள் வைக்கவில்லை. வைத்தவர் அம்பலவாணர்.

இங்ஙனம்,
சங்கத்தார் அனைவருக்குமாக,
அம்பலவாணர்