கந்தப்பு போட்ட வெள்ளக் கோடுகள்

தலைவர் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸ் வீட்டு வரிசைகளிலிருந்து வந்திருக்கும் சகோதரர்களே, தாய்மார்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும், கந்தப்பு அவர்களின் துணைவியார் தங்கரத்தினம் அம்மையாரே! இரயில்வே பண்டகசாலை எழுத்தர் நாகையாவாகிய நான், நம் சங்கத்தின் செயலாளன் என்ற முறையில் இந்த மண்டபத்தில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். இன்று ஓர் இரங்கல் பேச்சுக்காக நிற்கிறேன்.

வடிகால் இலாகாவின் படவரைஞர் திருவாளர் கந்தப்பு அவர்கள் நம்மை விட்டுப் போய்ப் பதினொரு நாளாகிறது. ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கிக் கிடக்கும் மேட்டு ஈயக்குட்டையின் கரையை அளக்கப் போய் மழையில் நனைந்தார். காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் போய்விட்டார். யாருக்காக நனைந்தார்? தமக்காகவா? அவர் வீடு மேட்டில் அல்லவா இருந்தது! ஆற்றோரத்தில் கிடந்த நமக்காக நனைந்தார்.

இருபத்தாறாம் ஆண்டுக் கடைசியில் வந்த வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் வடிந்ததும் நாமெல்லாம் பாயையும் பானையையும் தேடிக்கொண்டிருந்தோம். கந்தப்பு ஒரு சிவப்புச் சாயக் குவளையோடு வந்தார். வீடு வீடாகச் சென்று, சுவரில் சேறு படிந்திருந்த இடத்தில் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் தேதி எழுதினார். நாற்பத்தொரு வீடுகள்! உயரம் அளக்கும் கருவி அப்போது அவர் கையில் இல்லை. அதற்குள் அவரைக் கிள்ளானுக்கு, ஆற்றங்கரை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். புறப்படும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “நாகையா, நான் வந்து அளக்குமட்டும் கோடுகளை ஒருத்தரும் தொடாமல் பாத்துக்கொள்ளும்” என்றார். சரி என்று தலையாட்டினேன்.

அடுத்த ஆண்டுப் பொங்கல் வந்தது. சங்கத்தின் சார்பில் எல்லா வீட்டுக்கும் வெள்ளையடிக்க ஏற்பாடு செய்தவன் நான். தேங்காய் மட்டையால் சுவரைத் தேய்க்கச் சொன்னவனும் நான். பழைய அழுக்கோடு பொங்கல் வைக்கலாமா என்று ஊரையே விரட்டினேன். கந்தப்புவிடம் தலையாட்டியது என் நினைவிலேயே இல்லை. மூன்று நாளில் நாற்பத்தொரு கோடுகளும் போயின.

பங்குனியில் திரும்பி வந்தார். வரிசையின் முனையில் கருவியை வைத்துவிட்டு அப்படியே நின்றார். “வீடெல்லாம் நல்ல வடிவாக் கிடக்கு, நாகையா. என்ர கோடுகள் எங்கை?” என்றார். அவ்வளவுதான். ஒரு கடுஞ்சொல் உண்டா? ஒரு முகச்சுளிப்பு உண்டா? திட்டியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

பிறகு என்ன செய்தார் தெரியுமா? மறுபடியும் முதல் வீட்டிலிருந்து தொடங்கினார். இதோ இங்கே அமர்ந்திருக்கும் இராஜம்மாவிடம் தண்ணீர் எவ்வளவு வந்தது என்று கேட்டார். “நான் இந்த எடத்துலதான் நின்னேங்க ஐயா. புள்ள இடுப்புல இருந்துச்சு. அதோட காலு நனைஞ்சிச்சு” என்றார் இராஜம்மா. உடனே ஒரு துணிமூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நிற்கச் சொல்லி, அளவுகோலை ஊன்றிக் குறித்துக்கொண்டார். வள்ளியம்மா வீட்டில், ஆட்டுக்கல்மேல் தூக்கி வைத்த அரிசிப்பானையை மறுபடியும் தூக்கி வைக்கச் சொன்னார். நம் ஜெயராஜ், தண்ணீர் தன் தலைக்குமேல் போனதாகக் கதை அளந்தார். “அன்னைக்கு நீங்க வீட்டுலயே இல்ல, அம்பாங்ல இருந்தீங்க!” என்று உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். கந்தப்பு சிரித்துக்கொண்டே அந்தக் கணக்கை அடித்தார். எட்டு மாதம்! ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று அவருக்கு இருந்ததா?

அந்த உயரங்களை வைத்துத்தான் திட்டம் போட்டார். மேட்டில் காடு போய்க் கடையும் ரோட்டும் வந்துவிட்டன, மண்ணில் இறங்கிய மழை இப்போது நேரே ஆற்றுக்கு ஓடி வருகிறது என்று படம் போட்டுக் காட்டினார். நமக்கு அது பிடிபடவில்லை. “நம்ம பக்கத்து லொங்காங்க, இந்தச் சாக்கடைய, அகலமா வெட்டுனா போதாதா?” என்று நானே கேட்டேன். “வெட்டலாம். வெள்ளம் எங்களை விட்டிட்டுக் கீழ்க் கம்பத்து ஊருக்குள்ளை போகும். அங்கையும் பிள்ளையள் இருக்குதுகள் தானே?” என்றார். மேலே கைவிடப்பட்டுக் கிடக்கும் இரண்டு ஈயக்குட்டைகளுக்கும் மதகு வைக்க வேண்டும், பெருமழைத் தண்ணீரை அங்கே நிறுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், கரையோரம் வீடு கட்டாமல் நிலத்தைச் சும்மா விட வேண்டும். இதுதான் அவர் திட்டம்.

திட்டம் மேலிடத்துக்குப் போனது. ஏற்கவில்லை. இரண்டு ஆண்டாக அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வும் நின்றது. காரணம் கேட்டபோதெல்லாம், “அது கிடக்கட்டும்” என்று பேச்சை மாற்றுவார்.

அன்பர்களே, உங்களில் யாருக்கும் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். போன வாரம் தங்கரத்தினம் அம்மையார் கந்தப்புவின் காகிதங்களை அடுக்கித் தரச் சொல்லி என்னை அழைத்தார். அவர் மேலிடத்துக்கு அனுப்பிய திட்ட அறிக்கையின் பிரதியை அங்கேதான் பார்த்தேன். சுவரில் போட்ட கோடுகளை ஏன் அளக்கவில்லை, வாய்ச்சொல்லை எப்படி நம்புவது என்று மேலிடம் கேட்டிருக்கிறது. அதற்குக் கந்தப்பு அந்த அறிக்கையிலேயே எழுதிச் சேர்த்த பதில் ஒரே வரி: “கோடுகளைப் பாதுகாக்கத் தவறியது என் கவனக்குறைவு.” என் பெயர் இல்லை. சங்கத்தின் பெயர் இல்லை. நான் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மையார் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். காரணத்தைச் சொல்ல அன்று எனக்குத் துணிவில்லை.

அம்மா, இப்போது சொல்லிவிட்டேன். உங்கள் கணவரின் உயர்வைக் கெடுத்தவன் நான். இந்த ஊருக்கு வரவேண்டிய காவலைக் கெடுத்தவனும் நான்!

அடுத்த மாதம் மேட்டுக் குட்டைகளில் மண் கொட்டித் தூர்க்கப் போகிறார்கள். தூர்த்துவிட்டால் பிறகு எந்தத் திட்டமும் இல்லை. வரும் வெள்ளிக்கிழமை அதைப் பற்றி ஊர்மக்கள் சொல்வதை அதிகாரிகள் கேட்கிறார்கள். நாற்பத்தொரு வீட்டிலிருந்தும் வாருங்கள். இராஜம்மா வரட்டும், வள்ளியம்மா வரட்டும். எங்கே நின்றோம், எதுவரை நனைந்தோம் என்று அவரவர் வாயால் சொல்லுங்கள். கந்தப்பு தொடங்கியதை முடிக்காமல் இந்தச் சங்கம் ஓயாது என்று உங்கள் அனைவர் சார்பிலும் உறுதி கூறுகிறேன்.

நான் எல்லோருக்கும் முன்னால் போய் நிற்பேன். அந்த அறிக்கையில் கந்தப்பு எழுதியதெல்லாம் உண்மை, ஒரு வரியைத் தவிர. அந்த ஒரு வரியை அடித்துவிட்டு அங்கே என் பெயரை எழுதுங்கள் என்று கேட்பேன்.