எனக்கு மட்டும் சாயத்தண்ணி

இல்ல சரிபுதீன் நானா, பின் சீட்டுலயே இருந்துக்கிறேன். நானுஓயாவுல எறக்கி விட்டாப் போதும், கண்டி ரயிலப் புடிச்சிருவேன்.

ஆமா, நான் மட்டுந்தான் போறேன். நிரஞ்சன் சேரும் மத்தவங்களும் தோட்டத்துக் கணக்கு ஓடிட் முடியிற வரைக்கும் அங்கதான் இருப்பாங்க. காலையில எல்லாரையும் நீங்கதானே கொண்டாந்து எறக்குனீங்க, இப்ப ஒருத்திய மட்டும் திருப்பி அனுப்புனா யாருக்கும் கேக்கத்தான் தோணும். காய்ச்சல் எல்லாம் இல்ல. நாளைக்குக் கண்டி ஒபீஸ்ல பெரிய சேரப் பாத்து வெளக்கம் சொல்லணும். அவருக்குச் சரின்னு பட்டா என் ட்ரெய்னிங் இருக்கும். இல்லாட்டி அவ்வளவுதான், பொட்டியக் கட்ட வேண்டியதுதான்.

சொல்றேன், சொல்றேன். பெரிய கொல குத்தம் ஒன்னும் இல்ல.

கெம்பஸ் முடிச்சிட்டாளே, இனி என்னா கொறன்னு எங்க ஊரு ராகலையில எல்லாரும் கேக்குறாங்க. டிகிரி வாங்குனா கணக்காளர் ஆயிற முடியுமா? சீஏ பரீட்சை எழுதணும். எழுதுனாலும் பத்தாது, ஓடிட் பண்ற ஒரு எடத்துல வருஷக்கணக்கா வேல பழகணும். அந்த எடத்துக்காக நான் ஏறாத படி இல்ல நானா. ஊரு எதுன்னு கேப்பாங்க. தோட்டம்னு சொன்னதும் மூஞ்சி ஒரு மாதிரிப் போவும். அப்பா என்னா வேல செய்றாருன்னு அடுத்த கேள்வி. ஏன் சேர், அவரா வந்து உங்க கணக்கப் பாக்கப் போறாருன்னு ஒரு எடத்துல கேட்டுட்டேன்.

சிரிங்க, சிரிங்க. அந்த வேல கெடைக்கலதான். வாய மூடிட்டுப் போனா பாதிக் காரியம் முடியும்னு எங்க அம்மாவும் சொல்லும்.

கடைசியில இந்தக் கண்டி ஒபீஸ்ல எடுத்தாங்க. தேயிலை மூட்டைய எண்ணுறது, பில்லு சரியான்னு பாக்குறது, அதான் வேல. ஆனா ஒரு சட்டம் இருக்கு. நாம கணக்குப் பாக்கப் போற எடத்துல நம்ம சொந்தக்காரங்க வேல செஞ்சா முன்னாடியே சொல்லிறணும். யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டாங்க. இல்லன்னு கையெழுத்துப் போட்டேன். பொய்யில்ல நானா, இல்லன்னுதான் நெனச்சேன்.

ஆங். இருந்தாங்க.

கணக்கப்புள்ளயும் இல்ல, கிளாக்கரும் இல்ல. ஒரு மூட்டையக் கூடத் தொடாத ஆளு. அப்பறம் எதுக்கு என்னைய வெளிய போடுறீங்கன்னு நிரஞ்சன் சேரோட மல்லுக்கு நின்னேன். அப்ப ஏம்மா இல்லன்னு எழுதுனன்னு கேட்டாரு. எனக்கே அது புதுசு.

நீங்க சாப்பிட்டீங்களா? எங்க, பின்னாடி குசினியிலயா? அதானே. சேர்மாருக்கு மேச, ட்ரைவருக்குக் குசினி. வெள்ளக்காரன் போயிட்டான், அவன் போட்ட மேச மட்டும் போவல. பங்களாவுல தோட்டத்துத் துரையோட நாங்க உக்காந்திருக்கோம், வெள்ளக் கோட்டோட ஒருத்தரு நாக்காலிக்குப் பின்னுக்கு நிக்கிறாரு. கறி போடுற கையி மட்டுந்தான் தெரியும். மூஞ்சிய யாரும் நிமிந்து பாக்குறதில்ல. பெரிசா நியாயம் பேசுறேன்ல, நானும் பாக்கல.

சாப்பிட்டு முடிய டீ வந்துச்சு. பாலு கூடவா, சீனி போடவான்னு ஒவ்வொருத்தரையா கேட்டுக் கேட்டு ஊத்துனாரு. எங்கிட்ட மட்டும் கேக்கல. பால் இல்லாத சாயத்தண்ணி, ஓரத்துல கடிச்சிக் குடிக்க ஒரு துண்டு கருப்பட்டி. வச்சிட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டாரு. பழக்க தோசம்.

நிரஞ்சன் சேர் பாத்துட்டாரு. இவங்களுக்கு இதுதான் புடிக்கும்னு எப்பிடித் தெரியும்னு சும்மா வெளையாட்டாக் கேட்டாரு. நான் நிமிந்தேன். அந்த மனுசன் கோப்பைய எடுத்துக்கிட்டு, மன்னிச்சிருங்க மிஸ், மாறிப் போச்சு, பால் ஊத்திக் கொண்டாறேன்னாரு.

மிஸ்ஸாம்!

விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இந்நேரம் ஃபேக்டரியில மூட்டை எண்ணிக்கிட்டு நிப்பேன். என்னால முடியல நானா. மாறலன்னேன். இவரு எனக்கு யாருன்னும் சொன்னேன். அவரு தட்டத் தூக்கிட்டு உள்ள போயிட்டாரு.

இல்ல, அவரு இங்க இருக்குறது எனக்குத் தெரியாது. உடப்புசல்லாவையில ஒரு பங்களாவுல இருந்தாரு. நாந்தான் சண்ட புடிச்சி விட வச்சேன். இனி நீங்க எவனுக்கும் எச்சிக் கோப்ப கழுவக் கூடாதுன்னு ஆடுனேன். விட்டுட்டேன், டவுன்ல ஒரு கடையில காவலுக்கு நிக்கிறேன்னாரு. என் பரீட்சைக்குக் கட்டுனது வேலைய விட்டப்பக் கெடச்ச ஈபிஎப் காசுன்னாரு. அம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும். எங்கிட்டச் சொல்லத்தான் ரெண்டு பேருக்கும் பயம். என் வாய்க்குப் பயம்.

என்னாது அது, ஃபிளாஸ்க்கா? குசினியில குடுத்து விட்டாங்களா? திரும்பாதீங்க நானா, வளைவு வருது, நானே எடுத்துக்கிறேன்.

...

பால் ஊத்தல.

நாளைக்கா? வெளக்கம் ரொம்ப லேசு. நெசத்தச் சொன்னாப் போதும், எடம் தங்கிறும்னு நிரஞ்சன் சேரே சொன்னாரு. அதத்தான் வர்ற வழியெல்லாம் சொல்லிப் பாக்குறேன், வாயில வர மாட்டேங்குது. சேர், எங்க அப்பா எங்க வேல செய்றாருன்னு எனக்குத் தெரியாது.