சாந்த்ராகாச்சி ஏரியில் பெரிய மோட்டார்

சாந்த்ராகாச்சியிலிருந்து டாக்குரியா திரும்பும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஓர் அம்மாவும் மகனும் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள். மகனின் மடியில் கேமரா டிரோன் இருந்தது.

“பழைய மோட்டாரே இருந்திருக்கலாம்மா. படம் ஆடக் கூடாதுன்னுதான் பெரிய மோட்டாரும் ப்ரொப்பெல்லரும் மாத்தினேன்.”

“இவ்வளவு சத்தம் போடும்னு முன்னாடியே தெரியலையாடா?”

“நம்ம மொட்டைமாடியிலதானே ஓட்டிப் பார்த்தேன். ரயில் போற சத்தத்துல ஒண்ணும் கேக்கலை.”

“ஏரி நிறைய குளிர்காலத்துக்கு வந்த வாத்து இருந்தது. நான் கண்ணாடியைத் துடைச்சுப் போடறதுக்குள்ள ஒண்ணுகூட இல்லை.”

“அடுத்த வருஷம் வருவோம்மா.”

“நாளைக்கு உன் அண்ணனோட இருக்கறதுக்கு சென்னைக்கே போயிடறேன். அடுத்த வருஷமாம்! சரி, எடுத்த வீடியோவையாவது காட்டு.”

அவன் போனை எடுக்கவில்லை.

“அதுல வெறும் தண்ணிதாம்மா இருக்கு.”