ஒரே பேரில் ஆறு பெண்கள்

மேலே: இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளட்டுமாக்கா?

கீழே: தள்ளு, தள்ளு... போதும். படத்துல ராணி இப்பத்தான் நேரா நிக்கிறா. ஏணியை நான் புடிச்சிருக்கேன், பயப்படாத.

மேலே: ஏணிக்காக இல்லக்கா பயம்...

கீழே: பின்ன எதுக்காம்? சரி, படத்துக்கு அடியில என்ன எழுதியிருக்கு, படி. கூட்டுற கூட்டத்துல எழுத்துக் கூட்டத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான்.

மேலே: 'படகில்... இருந்தே... நாடாண்ட அரசி.' அப்புறம் பேரு. அதே பேரு.

கீழே: இவளுக்கும் உன் பேரா! காலையில மாட்டினமே, அந்த ஓவியக்காரிக்கும்?

மேலே: அவளுக்கும். நட்சத்திரத்தை எண்ணி எண்ணி எழுதி வச்சவளுக்கும். அந்தப் பேரு வச்ச பொம்பளைங்கதான் மண்டபம் முழுக்க. கண்காட்சியே அதுக்குத்தானாம்.

கீழே: அடேங்கப்பா! மூலையில தலையை விரிச்சுப் போட்டுட்டு நிக்கிறாளே, அவ?

மேலே: அவ பொறக்கவே இல்லக்கா. கதையில வர்றவ.

கீழே: பொறக்காதவளுக்கு இம்மாம் பெரிய தங்க ஃபிரேமு! பொறந்து தொலைச்ச நமக்கு உக்கார ஒரு முக்காலி இல்ல.

மேலே: சிரிக்க வைக்காதக்கா, ஏணி ஆடுது... கண்ணாடிக் கூரை வழியா வெயில் விழறப்ப பாரேன், எல்லாரும் மூச்சு விடுற மாதிரி இல்ல? யாராவது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, ஆறு பேரும் ஒண்ணாத் திரும்பிடுவாங்க போல...

கீழே: ஏழு. உன்னை விட்டுட்டியே.

மேலே: நான் திரும்ப மாட்டேன்க்கா.

கீழே: முதல்ல அந்தச் சுத்தியைக் குடு. பேச்சு மும்முரத்துல என் மண்டையில போட்டுடப் போற.

மேலே: மத்தியானம் நம்மளை நிரந்தரமாக்குற பட்டியல்ல கையெழுத்து வாங்குறாங்க. இத்தனை நாள் மேஸ்திரி பேரைக் கூப்பிட்டா 'இருக்கேன்'னா போதும், நிமிந்து மூஞ்சியைக் கூடப் பாக்க மாட்டாரு. இன்னிக்கு எழுதணும்...

கீழே: எழுதேன். சாயங்கால வகுப்புல அதத்தானே முதல்ல கத்துக்கிட்ட?

மேலே: அது என் பேரு இல்லக்கா. எங்கக்கா பேரு.

கீழே: சொல்லு, கேக்கறேன்.

மேலே: அவ செத்து நாலாம் நாள், அவ வேலை அட்டையை எடுத்துட்டு இங்க வரிசையில வந்து நின்னேன். வீட்டுல அடுப்பு எரியணுமே... கூப்பிட்டாங்க. 'இருக்கேன்'னேன். இல்லாதவளுக்காக.

கீழே: இறங்கி வா. மெதுவா.

மேலே: இரு, சொல்லி முடிச்சுடறேன். படத்துல இத்தனை பேரு பாத்துட்டு நிக்கறப்ப அந்தப் பேரை எழுத எனக்குக் கை வராது. மேஸ்திரிகிட்ட உண்மையைச் சொல்லி, என் பேருல வேலை கேக்கப் போறேன். துரத்தினா துரத்தட்டும். நீ மட்டும் என்னைத் தப்பா நெனைக்காதக்கா. மூணு வருஷமா உன்னையும் ஏமாத்தி...

கீழே: அடி பைத்தியமே! உங்கக்காவும் நானும் ஆறு வருஷம் ஒண்ணாக் கூட்டினவங்க. நீ வந்த அன்னிக்கு, நீ உள்ள போறப்ப உன் முதுகைப் பாத்துட்டு 'யாருடி அது புதுசா'ன்னு மேஸ்திரி என்னைத்தான் கேட்டாரு. 'அவளேதான், காய்ச்சல்ல மெலிஞ்சுட்டா'ன்னு சொன்னவ நான். அந்தப் பொய்யில பாதி என்னோடது, அதனால நானும் கூட வர்றேன். மூணு வருஷத்துல உன்னை அந்தப் பேரு சொல்லி ஒரு தடவையாச்சும் கூப்பிட்டிருக்கேனா? உங்கக்கா உன்னைப் 'பாப்பா'ன்னு மட்டும்தான் சொல்லுவா... சொல்லு, உன் பேரு என்ன?